திபேரியஸ் இடிபாட்டின் மேல் ஒரு டாக்டர் கட்டிய வீடு: காப்ரி போகிறவர்கள் பார்க்கலாமா?

வாசகர் கேள்வி, மார்ச் 3

ஜூனில் நேப்பிள்ஸ் போகிறோம். ஒரு நாள் காப்ரி தீவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அந்தத் தீவின் மேல் ஊரான அனகாப்ரியில் வில்லா சான் மிக்கேலே என்று ஒரு வீட்டைக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறார்கள். படித்துப் பார்த்தேன். ஸ்வீடன்காரர் ஒருவர், டாக்டர், ரோமானிய இடிபாடு இருந்த நிலத்தை வாங்கி, கிடைத்த பளிங்கையும் சிலையையும் சுவரில் பதித்து வீடு கட்டிக்கொண்டாராம். காசு உள்ளவர் ஒரு தொல்லியல் இடத்தைக் கெடுத்த கதைதானே இது? அசல் இடிபாடு பார்க்க அதே தீவில் ரோமப் பேரரசர் திபேரியஸின் மாளிகை வில்லா ஜோவிஸ் இருக்கும்போது இதற்கு எதற்கு டிக்கெட்?

மார்ச் 3, இரவு

போங்கள். விடாதீர்கள்.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை 2009 நவம்பர். எங்கள் கப்பல் நேப்பிள்ஸில் பழுதுபார்க்க நின்றது, இன்ஜின் ரூமிலிருந்து எனக்கு ஒரே ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. இரண்டாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 2018 மே மாதம், வீட்டம்மாவோடு.

"கெடுத்தார்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நவம்பர் மாதம், கூட்டம் இல்லை. வீட்டுக்குள் நுழைந்து, உள்முற்றம் தாண்டி, தூண் வரிசையிட்ட தாழ்வாரத்தில் சிலைகளுக்கு நடுவே நடந்து, கொடிப்பந்தல் வழியாக மலை விளிம்புக்குப் போய் நின்றேன். கீழே 300 மீட்டருக்கு மேல் பள்ளம். மரீனா கிராண்டே துறை ஒரு தட்டில் வைத்தது போல் தெரிகிறது. எதிரே வெசூவியஸ் எரிமலை. கிழக்கே அந்த வில்லா ஜோவிஸ் இருக்கும் மலை. முப்பது வருடம் கடலில் இருந்தவன், கடலை அப்படி ஒரு உயரத்திலிருந்து, அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

கட்டியவர் பெயர் ஆக்செல் முந்தே. மீதியை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை

முந்தே 1857இல் ஸ்வீடனில் பிறந்தவர். பாரிஸில் மருத்துவம் படித்து 1880இல் பட்டம் வாங்கினார். மாணவராக இருந்தபோதே, 1870களில், காப்ரிக்கு வந்து அந்த மலைமேல் இடிந்து கிடந்த சான் மிக்கேலே தேவாலயத்தைப் பார்த்தவர், அப்போதே இடத்தின் மேல் ஆசை வைத்துவிட்டார். வாங்க முடிந்தது இருபது வருடம் கழித்து, 1890களின் நடுவில். நடுவே 1884இல் நேப்பிள்ஸில் காலரா வந்தபோது தானாகவே போய் அங்கே வேலை செய்திருக்கிறார். பிறகு ரோமில் மருத்துவம் பார்த்தார், ஸ்பானியப் படிக்கட்டுப் பக்கத்தில், கவிஞர் கீட்ஸ் இறந்துபோன அதே வீட்டில். ஸ்வீடன் ராணி விக்டோரியாவுக்கும் அவர்தான் டாக்டர். ரோமில் பெரிய மனிதர்களிடம் சம்பாதித்த பணம் காப்ரியில் கல்லாக நின்றது.

நிலம் ஒரு தச்சருடையது. திராட்சைத் தோட்டம், சின்ன வீடு, மேலே பாழடைந்த தேவாலயம். திராட்சைக்குக் குழி தோண்டினால் சிவப்புச் சாயம் பூசிய சுவர் வரும், பளிங்குத் துண்டு வரும். ஊர்க்காரர்கள் அதை "ரோபா தி திம்பேரியோ" என்பார்கள், திபேரியஸ் சாமான் என்று அர்த்தம். நிலத்தில் எது முளைத்தாலும் திம்பேரியோ தலையில்தான். தச்சர் அந்தத் துண்டுகளை வேலைக்கு இடைஞ்சல் என்று மலை விளிம்பிலிருந்து கீழே எறிந்துகொண்டிருந்தார் என்று முந்தே எழுதுகிறார்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இங்கேயே இருக்கிறது. எறிந்துகொண்டிருந்த இடத்தில் ஒருவர் வந்து பொறுக்கி எடுத்துச் சுவரில் வைத்தார்.

வரைபடம் போட்டுக் கட்டவில்லை. கரித்துண்டால் சுவரில் கிறுக்கிக் காட்டி, ஊர்க் கொத்தனார்களை வைத்துக் கட்டியதாக அவரே சொல்கிறார். வெள்ளைச் சுவர், வளைவுகள், தூண் வரிசை.

முதல் தடவை நான் துறையிலிருந்து பழைய படிக்கட்டிலேயே ஏறிப் போனேன். ஸ்காலா ஃபெனீசியா, 777 படி. 1870களில் வண்டிப்பாதை போடும் வரை அனகாப்ரிக்கு அதுதான் வழி. பெண்கள் தண்ணீர்க் குடத்தையும் மூட்டையையும் தலையில் வைத்து அதில்தான் ஏறினார்கள். அந்தப் படிக்கட்டின் மேல் முனை முந்தே வீட்டுக்குக் கீழேயே வந்து சேர்கிறது.

மார்ச் 4, மதியம்

திருத்தம். 777 என்பது முந்தே புத்தகத்தில் வரும் எண். இன்றைக்குச் சொல்லப்படும் கணக்கு 921. நான் எண்ணிக்கொண்டு ஏறவில்லை, புத்தகத்தில் படித்தது மனதில் நின்றுவிட்டது. பெயரும் அப்படித்தான், ஃபினீசியர்கள் வெட்டியது என்று பெயர் சொல்கிறது, வெட்டியவர்கள் கிரேக்கக் குடியேறிகள் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

எண் மாறியது சின்ன விஷயம் என்று விட மனம் வரவில்லை. ஏனென்றால் நான் காலையில் எழுதியதில் பாதி அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது. முந்தே 1929இல் "சான் மிக்கேலேயின் கதை" என்று ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். உலகமெங்கும் பல மொழிகளில் விற்ற புத்தகம். அதில் பேய் வரும், குட்டிச்சாத்தான் வரும், மரணமே வந்து பேசும். நடந்ததும் கற்பனையும் பின்னிக் கிடக்கும். ஆகவே தச்சர் பளிங்கைக் கடலோரம் எறிந்தார் என்பதை முந்தே சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நான் காலையில் தீர்ப்பே எழுதிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மார்ச் 6

"திபேரியஸ் அங்கே வாழ்ந்தாரா, சுற்றுலாக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தீவில் வாழ்ந்தது உண்மை. காப்ரியை ரோமப் பேரரசின் சொத்தாக்கியது அவருக்கு முந்தைய பேரரசர் அகஸ்டஸ். கி.மு. 29இல் நேப்பிள்ஸ் நகரத்துக்கு இஸ்கியா தீவைக் கொடுத்து, பதிலுக்குக் காப்ரியை வாங்கினார். இஸ்கியா பெரிய தீவு, வளமான மண். காப்ரி சுண்ணாம்புப் பாறை, ஊற்றுநீர் மிகக் குறைவு, மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் வாழ வேண்டும். இருந்தும் மாற்றிக்கொண்டார். திபேரியஸ் கி.பி. 27 வாக்கில் அங்கே போனவர், 37இல் சாகும் வரை ரோமுக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. பத்து வருடம் பேரரசு அந்தப் பாறையிலிருந்து ஆளப்பட்டது.

தீவில் அவருக்கு பன்னிரண்டு மாளிகைகள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிதஸ் எழுதியிருக்கிறார். பெரியது வில்லா ஜோவிஸ். மேற்குப் பக்கம் தாமெகூத்தாவில் இன்னொன்று. இரண்டையும் 1930களில் தொடங்கி முறையாகத் தோண்டியவர் அமெதேயோ மையூரி, வெசூவியஸ் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகர அகழாய்வுகளுக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர். முந்தே வீடு நிற்கும் கபோதிமோந்தே பகுதியில் இருந்ததும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று என்று கருதுகிறார்கள். ரோமானியர் காலத்து மாளிகை இருந்தது என்பதற்குச் சுவர் சாட்சி. எந்த அறையில் எந்தப் பேரரசர் படுத்தார் என்பதற்குச் சாட்சி கிடையாது.

திபேரியஸ் ஆட்களை மலையிலிருந்து தள்ளிவிட்ட கதைகளை சுவெத்தோனியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதியது அவர் இறந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு. வழிகாட்டிகள் அந்த இடத்தைக் கைகாட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மார்ச் 7

வழி கேட்டவருக்கு: நேப்பிள்ஸ் மோலோ பெவெரெல்லோவிலிருந்து அதிவேகப் படகு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். மரீனா கிராண்டேயில் இறங்கினால் சின்ன பஸ் அனகாப்ரிக்குப் போகும். பியாத்சா வித்தோரியாவில் இறங்கி, கடைகள் நிறைந்த சந்து வழியாக ஐந்து பத்து நிமிட நடை. அலை அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். அன்று மாலையே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 9

நேற்று எழுதவில்லை. வீட்டம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "நீங்க முதல் தடவை பார்த்ததை மட்டும் எழுதியிருக்கீங்க, நான் அங்கே கேட்டதை எழுதலையே" என்றாள். நியாயம். எழுதுகிறேன்.

2018இல் அவளுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில்தான் போனோம். நான் முன்பே பார்த்தவன் என்பதால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். இது மெதூசா தலை, இது கிரேக்கக் கடவுள் ஹெர்மெஸ் ஓய்வெடுக்கும் சிலை, இந்தச் சுவரில் பாருங்கள், லத்தீன் எழுத்துள்ள கல்வெட்டுத் துண்டு, கல்லறைப் பலகையாக இருக்கும். அவள் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது இந்த வீட்டு நிலத்துல கிடைச்சதா, வெளியில வாங்கினதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சுவரைப் பார்த்தால் தெரியாது. அந்த நிலத்தில் தோண்டி எடுத்தது, தீவில் வேறு இடத்தில் கிடைத்தது, ரோமில் பழம்பொருள் வியாபாரியிடம் வாங்கியது, அன்பளிப்பாக வந்தது, பிற்காலத்து நகல், எல்லாமே ஒரே வெள்ளைச் சுவரில் ஒரே மாதிரி பதிந்திருக்கின்றன. தாழ்வாரத்து ஹெர்மெஸ் நகல்தான். பொம்பெய் போலவே புதைந்த ஹெர்குலேனியத்தில் எடுத்த அசல் வெண்கலம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாப்பாட்டு அறைத் தரையில் இரண்டு கையிலும் மதுக்குடம் பிடித்த எலும்புக்கூடு ஒன்று, பொம்பெய் மொசைக் ஒன்றின் நகல். அதன் அசலும் அதே அருங்காட்சியகத்தில்தான்.

அவள் சொன்னது இதுதான்: "கல்லுக்கு ஊரும் பேரும் இல்லாம போச்சு." யாரோ ஒருவனுக்கு அவன் மனைவியோ பிள்ளையோ வைத்த கல்லறைக் கல் அது. எந்தச் சாலையோரம் நின்றதோ, யார் அருகில் நின்றதோ. எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்தக் கல் இன்றைக்கும் பேசும்.

அன்று அவளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அழகைப் பார் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டேன். கேள்வி கேட்டவரே, உங்கள் "கெடுத்தார்" என்ற சொல்லில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. 3ஆம் தேதி இரவு வந்த கோபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 10

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான், அவரை மட்டும் குறை சொல்லலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லோரும் அப்படித்தான் என்பது ஓரளவுக்கு சரி. முந்தேவுக்கு நூறு வருடம் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஹாத்ராவா என்ற ஆஸ்திரியத் தூதரக அதிகாரி காப்ரியின் ரோமானிய இடங்களைத் தோண்டி, நல்ல தரைப் பளிங்கையும் சிலைகளையும் வெளியே அனுப்பிவிட்டார். தீவு ஏற்கெனவே சூறையாடப்பட்ட தீவு. முந்தே கைக்கு வந்தது மிச்சம்.

ஆனால் அதே 19ஆம் நூற்றாண்டில் பொம்பெயில் அகழாய்வு நடத்திய ஜுசெப்பே ஃபியொரெல்லி 1860களிலேயே நகரத்தைப் பகுதி, கட்டடத் தொகுதி, வீட்டு வாசல் என்று எண் போட்டுப் பிரித்து, மண்ணை மேலிருந்து அடுக்கு அடுக்காக எடுக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார். காப்ரியிலிருந்து பார்த்தால் தெரியும் கரையில். எழுதி வைக்கும் பழக்கம் பக்கத்திலேயே இருந்தது. முந்தே படித்தவர், டாக்டர், நோயாளிக்குக் குறிப்பு எழுதத் தெரிந்தவர். கல்லுக்கு எழுதவில்லை. இந்த ஆதங்கம் எனக்கு இனிப் போகாது.

மார்ச் 10, இரவு

மேலே எழுதியதற்குப் பிறகும் "போங்கள்" என்றுதான் சொல்கிறேன். அந்த வீட்டில் நல்லதும் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

மார்ச் 12

அந்த வீட்டு ஸ்ஃபிங்க்ஸ் சிலை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

தேவாலயத்துப் பக்கம், மலை விளிம்புச் சுவர் மேல், கருங்கல்லில் ஒரு எகிப்திய ஸ்ஃபிங்க்ஸ். சிங்க உடல், மனிதத் தலை. முகம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நாம் நிற்கும் இடத்திலிருந்து முதுகும் பின்தலையும்தான் தெரியும், முகத்தை நேராகப் பார்க்க முடியாது. இடது கையால் தொட்டுக்கொண்டு கடலைப் பார்த்து வேண்டினால் நடக்கும் என்பார்கள். நானும் தொட்டேன், வேண்டினேன். அது எனக்கும் கடலுக்கும் இடையில் இருக்கட்டும்.

எங்கிருந்து வந்தது? கனவில் வழி தெரிந்து, கலாப்ரியா கரையில் நீரோவின் மாளிகை இடிபாட்டில் கண்டெடுத்ததாக முந்தே கதை சொல்கிறார். பாருங்கள், வீட்டிலேயே பெயர்போன பொருள், அதன் பூர்வீகம் ஒரு கனவு.

இன்னொன்று. முந்தே இந்த வீட்டைக் கட்டும்போது கேட்டதெல்லாம் வெளிச்சம். சூரியனுக்கும் காற்றுக்கும் கடலோசைக்கும் திறந்த வீடு, கிரேக்கக் கோயில் போல, எங்கே திரும்பினாலும் வெளிச்சம். அப்படித்தான் கட்டினார். பிறகு அவர் கண் பழுதாகத் தொடங்கியது. வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயிலை அந்தக் கண் தாங்கவில்லை. தான் கட்டிய வீட்டில் இருக்க முடியாமல், அனகாப்ரியின் மறுபக்கம் மாதெரீத்தா என்ற பழைய கற்கோபுரத்துக்கு, தடித்த சுவருக்குள், இருட்டுக்குள் குடிபோனார். சான் மிக்கேலேயை வாடகைக்கு விட்டார். முதல் உலகப்போர் முடிந்த பிறகு அங்கே வாடகைக்கு இருந்த இத்தாலியச் சீமாட்டி மார்க்கெசா லூயிசா கசாட்டி, அந்த வெள்ளை அறைகளில் கறுப்புத் திரை தொங்கவிட்டார்.

இன்ஜின் ரூமில் வெல்டிங் வெளிச்சம் பட்டு ஒருமுறை இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் படுத்தவன் நான். கண்ணில் மணலைக் கொட்டித் தேய்த்தது போல இருக்கும். வெளிச்சத்துக்காகவே ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, அந்த வெளிச்சத்தாலேயே அதை விட்டுப் போவது என்ன வேதனை என்று அந்தத் தாழ்வாரத்தில் நின்றபோது நினைத்துக்கொண்டேன். நண்பகலில் அங்கே சுவர் உண்மையிலேயே கண்ணைக் கூசும்.

மார்ச் 15

10ஆம் தேதி இரவு பாதியில் விட்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் பார்பரோசா கோட்டை என்று ஒரு பாழடைந்த கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் தீவைத் தாக்கிய ஒட்டோமான் கடற்படைத் தளபதி பெயரால் அழைக்கப்படுகிறது. அந்த மலையை முந்தே வாங்கினார். வாங்கியது பறவைகளுக்காக.

ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே திரும்பும் பறவைகள், மத்தியதரைக் கடலைத் தாண்டிய களைப்பில் முதலில் கண்ணில் படும் தரையில் இறங்கும். காப்ரி அப்படி ஒரு தரை. காடை, புறா, தைலான், வானம்பாடி, எண்ணிலடங்காமல் வரும். மலை முழுக்க வலை கட்டிப் பிடிப்பார்கள். பிடித்த காடையின் கண்ணைக் குருடாக்கிக் கூண்டில் வைத்து, அதன் குரலால் மற்றவற்றை வலைக்குள் அழைப்பார்கள். பிடித்ததெல்லாம் பெரிய நகரத்து ஓட்டல்களுக்குப் போகும். காப்ரி ஆயருக்கு வருமானமே காடை வியாபாரத்திலிருந்து வந்ததால் அவரைக் "காடை ஆயர்" என்றே அழைத்திருக்கிறார்கள்.

முந்தே இதை நிறுத்தப் பல வருடம் அலைந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் மலையை வாங்கி அங்கே வலை கட்ட விடாமல் செய்தார். 1930களில் தீவு முழுவதும் பறவைப் பிடிப்புக்குத் தடை வந்தது. அந்தத் தடையைப் போட்டது முசோலினி அரசு. இதை எழுதும்போது கை தயங்குகிறது, இருந்தாலும் நடந்தது அதுதான்.

முந்தே 1943இல் போர்க்காலத்தில் ஸ்வீடன் திரும்பினார், 1949 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் இறந்தார். காப்ரிக்குத் திரும்பவில்லை. வீட்டையும் மலையையும் ஸ்வீடன் அரசுக்கு உயில் எழுதி வைத்துவிட்டார். ஒரு ஸ்வீடிஷ் அறக்கட்டளை அவற்றைப் பராமரிக்கிறது. நாம் வாங்கும் டிக்கெட்டுக் காசு அங்கேதான் போகிறது. பார்பரோசா மலையில் 1950களிலிருந்து பறவை ஆய்வு நிலையம் நடக்கிறது. வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து, எழுதி வைத்துவிட்டுப் பறக்க விடுகிறார்கள்.

பிடிப்பது மெல்லிய வலையில். அதே மலை, அதே வசந்தம், மறுபடி வலை. 2018 மே மாதம் நாங்கள் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மேலே சரிவிலிருந்து பறவைச் சத்தம் ஓயவே இல்லை. என்ன பறவை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் கேட்டாள். வீட்டுக்குள் சிலைகளைப் பார்த்ததைவிட அதிக நேரம்.

கல்லுக்கு எழுதி வைக்காத முந்தேயின் மலையில் ஒவ்வொரு பறவைக்கும் எண் போட்டு, நாள் போட்டு எழுதுகிறார்கள். 9ஆம் தேதி எழுதிய ஆதங்கத்தோடு இதையும் சேர்த்து வையுங்கள். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. இரண்டும் அதே ஆள் செய்தவை.

மார்ச் 16

பேச்சு வேறு பக்கம் போகிறது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "திபேரியஸுக்கும் நமக்கும் என்ன" என்று ஒருவர் கேட்டதால்.

இருக்கிறது. கோவை, கரூர் பக்கம் மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை இரண்டே பேருடையவை: அகஸ்டஸ், திபேரியஸ். ஒரு பக்கம் திபேரியஸ் தலை, மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுத் தொகுப்பு இருக்கிறது, பாருங்கள். மிளகுக்கும் ரத்தினக் கல்லுக்கும் முத்துக்கும் துணிக்கும் வந்த பணம். கி.பி. 22இல் திபேரியஸ் செனட்டுக்கு எழுதிய கடிதத்தை தாசிதஸ் பதிவு செய்திருக்கிறார். பெண்களின் கல் நகைகளுக்காக நம் பணம் அயலார் நாட்டுக்குப் போகிறது என்று அதில் வருத்தப்படுகிறார் பேரரசர். அந்த அயலாரில் நாமும் உண்டு.

கப்பலில் இருந்தவன் என்பதால் எனக்கு இது வெறும் செய்தி இல்லை. காப்ரியின் மேலிருந்து பார்க்கும்போது இடது பக்கம் தெரியும் வளைகுடாவில் புத்தியோலி, இன்றைய பொட்சுவோலி. ரோமுக்கு வந்த கிழக்கத்தியச் சரக்கு இறங்கிய பெரிய துறை அதுதான். அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கப்பல்கள் அந்தத் தீவைக் கடந்துதான் உள்ளே நுழைந்தன. நம் மிளகும் அந்தக் கப்பல்களில் இருந்திருக்கும்.

மார்ச் 17

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டை நினைவுபடுத்தியவருக்கு நன்றி. இந்த இழைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, இத்தாலியின் அரெத்சோ வகைச் சிவப்பு மட்பாண்டத்தை வைத்துக் காலம் கணித்தார். மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. அதே மேட்டில் ஒரு செங்கல் இடிபாடு நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிக்னோ தெ பெஹேன் ஆயர் காலத்துக் குருமடம் அது. ரோமானிய வணிகத் துறையின் மேல் ஒரு பிரெஞ்சுக் கட்டடம், இப்போது அதுவும் இடிபாடு. ஆற்றோரம், தென்னை நடுவே. நான் கடைசியாகப் போனபோது சுவரில் ஆலங்கன்று வேர்விட்டிருந்தது. ஒரு பலகையைத் தவிர விளக்கம் எதுவும் இல்லை. புதுச்சேரி போகிறவர்கள் அரைமணி ஒதுக்கி அங்கேயும் போங்கள்.

மார்ச் 20

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: வில்லா ஜோவிஸா, சான் மிக்கேலேயா, ஒன்றுதான் முடியும் என்றால்?

உடம்பு ஒத்துழைத்தால் இரண்டும். காலையில் முதல் படகு பிடித்து, நேராக அனகாப்ரி. பதினொரு மணிக்குள் சான் மிக்கேலே முடித்துவிடுங்கள், பிறகு குழுக்குழுவாக வருவார்கள், தாழ்வாரத்தில் நிற்க முடியாது. மதியம் காப்ரி ஊருக்கு இறங்கி, அங்கிருந்து முக்கால் மணி ஏற்றம் வில்லா ஜோவிஸ். அங்கே நீங்கள் தேடும் அசல் இடிபாடு இருக்கிறது. முக்கியமாக அந்தத் தண்ணீர்த் தொட்டிகளைப் பாருங்கள், ஊற்று இல்லாத பாறையில் ஒரு அரண்மனைக்கு மழைநீரை எப்படிப் பிடித்தார்கள் என்று. நான் வேலை செய்த கப்பல்களின் நன்னீர் டாங்க் நினைவுதான் வந்தது.

பெரியவர்கள் கூட வந்தால் ஜோவிஸ் வேண்டாம். சான் மிக்கேலேயில் படிகள் உண்டு, மெதுவாக ஏறி இறங்கலாம், தோட்டத்தில் உட்கார இடம் உண்டு. மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 22

"உள்ளே பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் எதைப் பார்ப்பீர்கள்" என்று நேற்று கேட்டவருக்கு.

மார்ச் 3ஆம் தேதி கேட்டிருந்தால் மலை விளிம்பு என்று சொல்லியிருப்பேன். இப்போது வேறு.

தோட்டத்தில் சின்ன ரோமானிய அறையின் சுவர்கள் இருக்கின்றன. நிறைய பேர் அதைத் தாண்டிப் பந்தலுக்கு ஓடிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் ஓடினேன். 2018இல் வீட்டம்மாதான் நிறுத்தினாள். இடுப்புயரம், சில இடத்தில் அதற்கும் கீழே. சாய்சதுரக் கற்களை வலைபோலப் பின்னி அடுக்கிய சுவர், மேலே பூச்சு, பூச்சில் அங்கங்கே பழஞ்சிவப்பு. வாங்கி வந்து வைத்தது இல்லை, கட்டிய இடத்திலேயே நிற்கிறது. முந்தே அதன் மேல் எதையும் கட்டவில்லை, பிடுங்கிச் சுவரில் ஒட்டவும் இல்லை, இருந்தபடியே விட்டார்.

வீட்டம்மா முழங்கால் வலியோடு குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள். "இதுக்கு ஊர் இருக்கு" என்றாள். நானும் குனிந்தேன். பூச்சில் தூரிகை இழுத்த கோடு தெரிந்தது.

ஜூன் வெயிலுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.